போர்டில் ஏறும் எண்

மார்ச் 2

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம். நீயும் சின்னவளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு. போனில் சொல்ல முடியாத விஷயம். வராந்தாவில் இருக்கும் ஒரே போனைச் சுற்றி எப்போதும் நாலு காது நிற்கும்.

லாட்டரி விழுந்திருக்கிறது. பதறாதே, கோடி எல்லாம் இல்லை. இந்த ஊர்க் காசில் நாற்பத்திரண்டாயிரம். அறையில் இருக்கும் ஏழு பேரும் சேர்ந்து எடுத்த சீட்டு, ஆளுக்கு ஆறாயிரம். அந்த வாரம் என் முறை என்பதால் என் அடையாள அட்டையில் எடுத்தோம். அதனால் மொத்தப் பணத்தையும் என் கையில்தான் எண்ணிக் கொடுத்தார்கள்.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். ஏழு பேர் வயதையும் கூட்டி, வரும் எண்ணில் சீட்டு எடுப்பது என்று பேச்சு. கூட்டியது நான். இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று என்றேன், அதற்குத்தான் பரிசு. பிறகு லாண்டரியில் பெட்ஷீட் மடித்துக்கொண்டே மறுபடி கூட்டிப் பார்த்தால் இருநூற்று எண்பத்து மூன்றுதான் வருகிறது. மனசில் வைத்த ஒன்றை இரண்டு தடவை சேர்த்திருக்கிறேன். இது தெரியாமல் எல்லாரும் என்னைக் கணக்கு மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிடும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

பணத்தை எப்போது நம் காசாக மாற்றுவது என்பதும் இப்போது மாஸ்டர் பொறுப்புதான். கம்பெனி ஆபீஸ் வழியாகச் சம்பளத்துக்கு மேல் அனுப்ப விடமாட்டார்கள். லாண்டரிக்கு எதிரே காசு மாற்றும் கடை இருக்கிறது. வாசல் போர்டில் நம் நாட்டுக் கொடி, பக்கத்தில் ஓர் எண். பணம் வந்த அன்று நாற்பது. இன்று நாற்பத்திரண்டு. ஏறிக்கொண்டே போகிறது, ஐம்பது வரட்டும் என்று சொல்லிவிட்டேன். டிரைவர் மட்டும் முணுமுணுத்தான். நம் ஊர் வெல்டர் அண்ணன் அவன் வாயை அடைத்தார். "மாஸ்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அவருக்குத்தான் அவசரம். பதினோரு வருஷம் காத்திருந்து ஒதுக்கீடான அடுக்குமாடி வீடு. ஏப்ரல் பதினைந்துக்குள் நம் காசில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

என் பங்கு கைக்கு வந்ததும் ஊருக்கே வந்துவிடுகிறேன். போதும் இந்தப் பிழைப்பு.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 11

என்னங்க,

கடிதம் கிடைத்தது. எரிக்கவில்லை, துணிப்பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். சின்னவளுக்குச் சளி, வேறொன்றும் இல்லை.

குடோனில் பழைய பேப்பர் எடை போடும்போதெல்லாம் உங்கள் போர்டுதான் கண் முன்னால் நின்றது. போன மாதம் நீங்கள் அனுப்பிய நானூறுக்கு இங்கே பத்தாயிரம் கொடுத்தார்கள். அப்படியானால் அந்த ஊர்க் காசு ஒன்றுக்கு நம் காசு இருபத்தைந்து. பிறகு எப்படிப் போர்டில் நாற்பது இருக்கும்? யோசித்து யோசித்துத்தான் பிடிபட்டது. அது நம் காசு ஆயிரத்தின் விலை. நம் ஆயிரத்தை வாங்க அவர்கள் காசு நாற்பது கொடுக்க வேண்டும்.

என்னங்க, நீங்கள் அந்தக் கடையில் விற்கிறவர் இல்லை, வாங்குகிறவர். விலை ஏறினால் வாங்குகிறவனுக்கு என்ன கொண்டாட்டம்? நாற்பதில் மாற்றியிருந்தால் ஆளுக்கு ஒன்றரை லட்சம். ஐம்பதில் மாற்றினால் ஒரு லட்சத்து இருபதாயிரம்தான். வெல்டர் அண்ணன் வீடு போய்விடும்.

நம் கல்யாணப் பத்திரிகையை நூறு அடிக்கச் சொன்னால் ஆயிரம் அடித்துக்கொண்டு வந்த ஆள் நீங்கள். அன்றைக்குச் சிரித்தேன், இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சொல்வதை நம்பாவிட்டால் கடைக்காரரிடம் ஒரு நூறை நீட்டி எவ்வளவு தருவீர்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அன்றைக்கே ஆறு பேரையும் உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். இன்று சொன்னால் தெரியாமல் செய்த தப்பு. தள்ளிப் போட்டால் அதற்கு வேறு பெயர் வந்துவிடும்.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 12

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. இன்று போர்டில் நாற்பத்தாறு. அறையில் ஒரே கூத்து. என் தட்டைக்கூட என்னைக் கழுவ விடுவதில்லை.

ஆனால் பணம் வந்த நாளிலிருந்து யாருக்கும் யார் மேலும் நம்பிக்கை இல்லை. தினமும் ஒருவர் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டு என் பெட்டிக்குக் காவல் இருக்கிறார். வேலை முடிந்து வந்ததும் டிரைவர் பூட்டைத் தொட்டுப் பார்க்கிறான். மாடி அறையில் போன வருஷம் ஒருவன் வாட்சு திருடினான் என்று படியில் உருட்டி விட்டார்கள். அவன் இன்றும் காலை இழுத்துத்தான் நடக்கிறான். அது ஏனோ ஞாபகம் வருகிறது.

ஐம்பது ஆனதும் மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன்.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 20

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதத்தைக் கக்கூஸில் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். கடைக்குப் போய் நூறை நீட்டினேன். இரண்டாயிரத்து எண்பத்து மூன்று என்றார். முன்பு நூறுக்கு இரண்டாயிரத்து ஐநூறு வருமே. நீ சொன்னதுதான் சரி. கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சொல்லவில்லை. சொல்லத்தான் அறைக்குப் போனேன். கதவைத் திறந்தால் அறையில் எந்நேரமும் பாடும் பாட்டுக்காரன் ஓடி வந்து, "மாஸ்டர், நாப்பத்தெட்டு!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினான். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் பணம் கரைவதற்கு அவர்களே கை தட்டுகிறார்கள், நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். இப்படி ஒரு தண்டனையை யாருக்கும் கொடுக்கக்கூடாது.

டிரைவர் மட்டும் கை தட்டவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான். "ஒரு காசு குறைஞ்சாலும் மாஸ்டர்னு பாக்கமாட்டேன்." அதையே நினைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். நேற்று இஸ்திரி மிஷினில் விரலைச் சுட்டுக்கொண்டேன்.

ஏறினது இறங்காமலா போகும்? போன வருஷம் ஐம்பத்தைந்து வரை போய் முப்பத்தெட்டுக்கு இறங்கியது என்று கடைக்காரர் சொன்னார். நாற்பதுக்கு வந்ததும் சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறேன், யாருக்கும் தெரிய வேண்டாம். வெல்டர் வீட்டு அக்காவிடம் மூச்சு விடாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 29

என்னங்க,

உங்கள் எழுத்து இவ்வளவு நடுங்கி நான் பார்த்ததில்லை. சுட்ட விரலில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கெஞ்சியும் நான் கேட்கவில்லை. வெல்டர் வீட்டு அக்கா தினமும் குடோனுக்கு வந்து, பணம் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு நாலு நாள்தான் முடிந்தது. ஐந்தாம் நாள் தராசுத் தட்டிலேயே உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "எவ்வளவு குறையும்?" என்று மட்டும் கேட்டார். ஐம்பதில் மாற்றினால் இருபதாயிரம் என்றேன். என் சிறுவாட்டுப் பணம் இருபத்திரண்டாயிரம் இருந்தது. நீங்கள் திரும்பி வரும் டிக்கெட்டுக்காக மூன்று வருஷம் சேர்த்தது. அதில் இருபதாயிரத்தை எடுத்து அவர் கணக்கில் போட்டுவிட்டேன். ரசீதின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். மற்ற ஐந்து பேருக்கு ஆன நஷ்டத்துக்கு நம் பங்கைக் கொடுங்கள். போதாததை மாதாமாதம் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் ஊருக்கு வருவது தள்ளிப் போகும். போகட்டும். எனக்கு உங்கள் கை கால் முழுசாக வேண்டும்.

அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடமிருந்து போன் வரும். அப்போதே சொல்லவா என்று என்னிடம் கேட்டார். பிறகு அவரே, "வேணாம்மா, தம்பி வாயால சொல்லட்டும். அதுதான் அவருக்கு மரியாதை" என்றார். அண்ணன் கோபப்பட்டால் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். அதனால் பயப்படாமல் முதலில் வெல்டர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு இந்த ரசீதைக் காட்டுங்கள். டிரைவரை அவர் அடக்கிவிடுவார். பணத்தை அன்றைக்கே, போர்டில் என்ன இருந்தாலும் சரி, மாற்றி அனுப்புங்கள். ஏப்ரல் பதினைந்துக்குள் வந்துவிடும்.

உங்களுக்குக் கணக்கு வராது என்பது தெரிந்துதான் கட்டிக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

உங்கள் வீட்டுக்காரி

ஏப்ரல் 2

அன்புள்ளவளுக்கு,

இதை ஒரு பஸ் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எந்த ஊர் என்று கேட்காதே. போன கடிதத்துக்கு உன் பதில் இன்னும் வரவில்லை.

நேற்று போர்டில் ஐம்பத்தொன்று. ஐம்பது தாண்டிவிட்டது, இன்று வேலை முடிந்ததும் எல்லாருமாகக் கடைக்குப் போய் மாற்றுவோம் என்று முடிவு செய்துவிட்டார்கள். கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டும்போது டிரைவர் என் பக்கத்தில்தான் நிற்பான். அதற்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும் என்று தோன்றியது.

இன்று காவல் முறை வெல்டர் அண்ணனுக்கு. அவர் குளிக்கப் போனபோது பணத்தை எடுத்துச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு, அவர் வந்ததும் சோப்பு வாங்கி வருகிறேன் என்றேன். அவர் என் பையைக்கூடப் பார்க்கவில்லை. "வெயில்ல சுத்தாம வந்துடு தம்பி" என்றார். ஒரு வார்த்தை அதட்டியிருந்தால் அங்கேயே காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

நான் திருடன் இல்லை. நீயாவது நம்பு. எண் நாற்பதுக்கு இறங்கட்டும், மாற்றி ஆளுக்கு ஒன்றரை லட்சம் அனுப்பிவிடுவேன். என் இந்த மாதச் சம்பளத்தை வெல்டர் அண்ணன் ஷூவுக்குள் வைத்துவிட்டுத்தான் வந்தேன். பதினைந்தாம் தேதி அவர் வீட்டுக்கு என்ன ஆகுமோ.

வெல்டர் வீட்டு அக்கா கேட்டால் உனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிடு. சின்னவளிடம் என்ன சொல்வாயோ, எனக்குத் தெரியவில்லை. தங்க ஓர் இடம் கிடைக்கும்வரை பழைய முகவரிக்கு நீ எதுவும் எழுதாதே. எழுதினால் அவர்கள் கையில்தான் கிடைக்கும்.

உன் வீட்டுக்காரன்