நான் மாட்டிய ஹவுஸ்ஃபுல் போர்டு

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது உன் மனைவி ஒரு தகர டப்பாவை என் கையில் கொடுத்தார். "இது உங்ககிட்டதான் இருக்கணும்ண்ணே" என்றார். வீட்டுக்கு வந்து திறந்தேன். நம் சீட்டுக்கட்டு. குப்பென்று பவுடர் வாசனை. திருச்சி வெயிலில் சீட்டுகள் கையோடு ஒட்டுகின்றன என்று மேக்கப் பவுடரில் மீந்ததை அவற்றின் மேல் தூவி வைப்பாயே, அதே வாசனை. கொஞ்ச நேரம் அழுதேன்.

பாலக்கரை ஆபீஸில் சாப்பாட்டு வேளையில் புளியங்கொட்டையை வைத்து ஆடுவோம். பொன்மலை ரயில்வேக்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்த ஆட்டம். ஒரே மாதிரி மூன்று சீட்டு, இன்னொரு மாதிரி இரண்டு சீட்டு சேர்ந்தால் 'ஃபுல் ஹவுஸ்' என்றார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "சீட்டுல அஞ்சு பேர் வந்தாலே வீடு ரொம்பிடுது. நம்ம நாடகத்துக்கு முந்நூறு பேர் வரணும்டா!"

எனக்குப் பெரும்பாலும் ஒன்றும் சேராது. ஃபுல் ஹவுஸ் வைத்திருப்பவன் மாதிரி உட்கார்ந்திருப்பேன். நீ பயந்து, தோல்வியை ஒத்துக்கொண்டு சீட்டைக் கவிழ்த்துவிடுவாய். "உன் மூஞ்சியை நம்பியே என் புளியங்கொட்டை எல்லாம் போச்சு" என்று அலுத்துக்கொள்வாய்.

நம் ஆபீஸ் நாடகக் குழுவில் நீதான் நடிகன். நான் வாசலில் டிக்கெட் பார்க்கிறவன். நீ முகத்தில் சாயம் பூசிய நாளிலிருந்து லால்குடியில் இருந்த உன் அப்பா உன்னோடு பேசவில்லை. நாடகம் போடும்போதெல்லாம் அவருக்கு ஒரு தபால் கார்டு எழுதுவாய். பதில் வராது. பெல் அடிப்பதற்கு முன் திரையை விலக்கி எட்டிப் பார்ப்பாய். "வரலைடா" என்று சொல்லிவிட்டு மீசையை ஒட்டப் போவாய்.

அந்த ஸ்ரீரங்கம் நாடகம் நினைவிருக்கிறதா? சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஹாலில் பாதி நாற்காலி காலி. அந்த மாதிரி நாளில்தான் நான் 'ஹவுஸ்ஃபுல்' போர்டை மாட்டுவேன். கோயிலுக்குப் போகிறவர்கள் கண்ணில் பட்டால் அடுத்த நாடகத்துக்குக் கூட்டம் தானாக வரும் என்பது என் கணக்கு. மேக்கப்பில் இருக்கும் உனக்கு இது தெரியாது. நானும் சொன்னதில்லை.

போர்டை மாட்டிவிட்டு நின்றேன். குடையும் துணிப்பையுமாக ஒரு பெரியவர் வந்தார். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது.

"தம்பி, ஓரமா நின்னாவது பாக்கலாங்களா?"

சுற்றி நாலைந்து பேர் போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரை விட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"உள்ள எள்ளு விழ இடமில்லைங்க, பெரியவரே. அடுத்த நாடகத்துக்கு வாங்க."

"அவ்வளவு சனமா வந்திருக்கு?"

"ஆமாங்க."

அவர் முகம் மலர்ந்தது. "சந்தோஷம் தம்பி. போயிட்டு வரேன்" என்று சொல்லி ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

ஆறு மாதம் கழித்து உன் அப்பா காலமானார் என்று லால்குடிக்கு வந்தேன். அதுவரை நான் அவரைப் பார்த்ததே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். கூடத்தில் கிடத்தியிருந்த முகத்தைப் பார்த்ததும் முழங்கால்வரை நனைந்த அந்த வேட்டிதான் என் கண்ணில் வந்தது. நீ என் தோளில் சாய்ந்து, "ஒரே ஒரு தடவை வந்திருக்கலாமேடா" என்று கதறினாய். நான் உன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். முகத்தில் எதையும் காட்டவில்லை. அன்றும் என்னை நம்பினாய்.

அதற்குப் பிறகு நீ மேடை ஏறவில்லை. "யாருக்காகடா நடிக்கிறது?" என்று கேட்டாய். எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன். ஆஸ்பத்திரியில் கடைசியாக உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுகூட, சொன்னால் கையை உதறிவிடுவாயோ என்று பயந்தேன்.

உன் அப்பா வந்தார். நனைந்துகொண்டு வந்தார். மகன் நாடகத்துக்கு இடமில்லாத கூட்டம் என்று பூரித்துப்போய்த் திரும்பினார். உன் சிநேகம் போய்விடக்கூடாதே என்று அதை மறைத்து, உன் அப்பா உனக்குக் கிடைக்காமல் செய்துவிட்டேன்.