இரண்டாவது குர்ஷா

பெய்ரூட்

அன்புள்ள அம்மாவுக்கு, உன் காலைத் தொட்டுக் கும்பிட்டு வுபாலெம் எழுதுவது. மூட்டுவலி தேவலையா? நான் நலம்.

நான் வேலை செய்யும் வீட்டு மேடம், பேட்டைச் சங்கத்தில் தொண்டு செய்கிறார். அங்கே ஏழைகளுக்கு இரத்த அழுத்தம் பார்ப்பார்கள், பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் சொல்லித் தருவார்கள், சோறு போடுவார்கள். சமைக்க என்னைக் கூட்டிப் போவார். நேற்று வரிசையில் நின்ற நம் ஊர்க்காரி ஒருத்தி, என்னைப் பார்த்ததும் பருப்புச் சோற்றை உருட்டினாள்.

"வாயத் தொறடி! ஆக்குறவளுக்குப் பசிக்காதா?" என்று நம் வழக்கப்படி தன் கையால் ஒரு வாய், குர்ஷா, ஊட்டிவிட்டாள். எத்தனை நாளாயிற்று, இன்னொருவர் கையால் சாப்பிட்டு!

அவள் அடுத்ததை உருட்டுவதற்குள் மேடம் என்னை இழுத்துவிட்டார். "அது நாதியில்லாதவங்க சோறு. உனக்குத்தான் வீடு இருக்கே!"

ஒரு குர்ஷாவோடு நிறுத்தினால் பகை என்பாயே, அம்மா. யாரோடு பகை வரப்போகிறதோ என்று சிரித்துக்கொண்டேன். இரண்டாவதை நீதான் ஊட்ட வேண்டும். மேடத்திடம் இருக்கும் என் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன்.

கொஞ்சம் மிளகாய்ப்பொடி அனுப்பு. சங்கத்து முகவரிக்கே அனுப்பு. வீட்டுக்கு வந்தால் என்னால் வாங்க முடியாது. மேடம் வெளியே போகும்போது கதவைப் பூட்டிக்கொண்டு போவார்.

சாவி திரும்புகிறது. நிறுத்துகிறேன்.

வுபாலெம்