ஈரப்பலா மரத்தடியும் றபீக்காவின் குசினியும்

கல்முனைக்குடி,
09.03.1983

அன்பு மகன் காலிதீனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் நாலு பேரும் சுகம், இங்கிலாந்துக் குளிரில் நீயும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். சொல்வது உம்மா, எழுதுவது உன் கடைசித் தங்கச்சி சுபைறா, இடையில் காக்கா, காக்கா என்று அவள் வாய் நுழைந்தால் பொறுத்துக்கொள். (நுழையும், காக்கா. சொல்வது உம்மா, சோடிப்பது நான்.) வாப்பா நெல்லுச் சூடடிப்புக்கு வயல்வாடிக்குப் போய்விட்டார், அவர் இல்லாத நேரம் பார்த்துத்தான் இவ்வளவும் நடந்திருக்கிறது, ஒரு கிழமையாக எனக்கு இருந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

போன லீவில் கிணற்றடி ஈரப்பலா மரத்தின் கீழே சருகைக் கிளறி நீ பிடித்த சிலந்தி உலகத்தில் யாரும் இதுவரை எழுதி வைக்காத சாதி என்றும், அகப்பட்ட இரண்டும் ஆண் என்பதால் பெண்ணையும் பிடித்துக் கால், கண், வயிறு எல்லாம் அளந்து படம் கீறினால்தான் உன் கட்டுரை முழுமையாகும் என்றும், நீ ஊரில் தேடிய மற்ற இடம் ஒன்றிலும் அது இல்லையென்றும் எழுதியிருந்தாய். (உலகத்துக்குப் புதுசு, நம்ம வளவுக்குப் பழசு.) நல்லது மகன், ஆனால் உன் தங்கச்சி றபீக்காவுக்குச் சீதனமாக எழுப்புகிற கலியாண வீட்டுக்குச் சமைக்கக் குசினி வருவது அந்த மரத்தடியில்தானே. உன் கடிதம் வந்ததற்கு முதல் நாள்தான் மேசன் தங்கராசா முளை அடித்து நூல் கட்டிவிட்டுப் போனார். (ஒரே வளவில் நூல் கட்டுகிறவர்கள் இரண்டு பேர், ஒருவருக்கு இரண்டு கால், மற்றவருக்கு எட்டு.) ஊரார் பிள்ளைகள் சவூதியிலிருந்து தங்கச்சிமாருக்கு வீடு எழுப்புகிறார்கள், என் பிள்ளை சிலந்திக்கு வயிறு அளக்கிறான் என்று அன்று கொஞ்சம் கோபப்பட்டதும் உண்மை, அதை மறைக்கவில்லை.

பிறகு மனம் கேட்கவில்லை. நீ எழுதியபடி வெள்ளைச் சீலையை விரித்தோம், சருகை உதறினோம். உதறினால் போதாதென்று நான் சுளகில் போட்டுப் புடைத்தேன், நெல்லுப் புடைத்துப் பழகிய கை. எறும்பு, அட்டை, மண்ணாங்கட்டி எல்லாம் சுளகில் நின்றன, உன் சிலந்தியைக் காணோம். இரண்டு நாள் புடைத்து, பறந்து விழுந்த தூசியையும் சருகையும் அசர் தொழுகைக்குப் பிறகு கூட்டி வழமைபோல நெருப்பு வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் றபீக்கா உன் கடிதத்தைத் திரும்ப வாசித்துவிட்டு, “உம்மா, அது கடுகில கால்வாசி எண்டு காக்கா எழுதியிருக்காரு, நீங்க அதப் பதரோட பறக்க விட்டுட்டீங்க” என்றாள். வேண்டாததென்று நான் எரித்ததுக்குள்தான் நீ கேட்டது இருந்திருக்கிறது. புடைக்காமல் மிஞ்சியது முளைக்கு உட்பக்கம் ஆறு முழத்துச் சருகு மட்டும். (அந்த நேரம் பார்த்து நான் கடுகுக்கு நூலால் எட்டுக் கால் ஒட்டிச் சீலையில் வைத்தேன். உம்மா பூதக்கண்ணாடியோடு குனிந்து பிஸ்மியும் சொல்லிவிட்டா. அடித்த அடியில் எனக்கே மிச்சம் ஆறு கால் முளைத்திருக்கும்.)

அன்று பின்னேரம் ஒன்று அகப்பட்டது. நீ விட்டுப்போன ஸ்பிரிட் போத்தலில் போட்டு இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். ஆணுக்கு முகத்துக்கு முன்னால் இரண்டு குமிழ் இருக்கும் என்றாயே, இதற்கு இல்லை. ஆனால் ஆண் குஞ்சுக்கும் இராது என்று அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறாய், அதுதான் என்னை உறங்க விடவில்லை. மறுநாள் தங்கராசா மண்வெட்டியோடு வந்து நின்றார். இனி வெட்டுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் றபீக்கா போய் முளையைப் பிடுங்கி ஆறு முழம் இந்தப் பக்கம் நட்டுவிட்டாள். “என்ட குசினி சின்னனாப் போகட்டும், காக்கா தொடங்கினது அரைவாசில நிக்கப்படா” என்றாள். நாலு வார்த்தை சேர்த்துப் பேசாத பிள்ளை.

முந்தாநாள் மாப்பிள்ளையின் உம்மா சபியா உம்மா வந்தா. நூலைப் பார்த்ததும், “என்ன மச்சி, குசினி மெலிஞ்சி போச்சி?” என்றா. நான் தடுமாறினேன், றபீக்கா ஒளிக்காமல் உள்ளதைச் சொன்னாள். சபியா உம்மா தேத்தண்ணியில் பாதியை வைத்துவிட்டுப் போனா. இன்றுவரை ஒரு சொல்லும் வரவில்லை, வாசல் படலைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓடிப் பார்க்கிறேன்.

ஆகையால் மகன், போத்தல் கிடைத்த அன்றே பார். பெண்ணென்றால் தந்தி அடி. (பெண் கிடைத்தது என்று மட்டும் அடித்துவிடாதே காக்கா, பள்ளிவாசல் வரைக்கும் வெள்ளைக்கார மருமகள் வந்துவிடுவாள்.) இல்லையென்றாலும் ஒளிக்காமல் எழுது, நோன்பு வரைக்கும் அந்த ஆறு முழத்தை நான் பிடித்து வைத்திருப்பேன், அதற்கு மேல் என்னால் ஏலாது. சபியா உம்மாவுக்கு உன் கையால் மரியாதையாக ஒரு கடிதம் வேறாக எழுது, தங்கச்சியின் தலையில் பழி விழ விடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணாடிக்குள் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. அல்லாஹ் உன் படிப்பில் பறக்கத்தைத் தரட்டும், உன்னைச் சுகமாக எங்கள் கண்ணில் காட்டட்டும், ஆமீன்.

இப்படிக்கு,
உன் உம்மா
ஆயிஷா உம்மா

(றபீக்கா ராத்தாவிடம் ஏதும் எழுதவா என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றாள். மழை தூறுகிறது. சருகு நனைய முதல் இன்னும் ஒரு பிடி பார்க்கிறேன் என்று முளைக்குப் பக்கத்தில் குனிந்தபடிதான் இருக்கிறாள். – சுபைறா)