உங்களுக்கு மிஞ்சின பாட்டு

என்னங்க,

பக்கத்து ரூம்ல இருக்கிற மாதிரியே கூப்பிடறேன். வேற எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியலை.

திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆன மறுவருஷம் உங்க ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து ஒரு பாட்டு நாடகம் போட்டீங்களே, ஞாபகம் இருக்கா? திருட்டுப் பசங்க கதை. அவங்களுக்குத் தொழில் கத்துக்குடுக்கிற வில்லன் நீங்க. நம்ம கவிதாவும் குட்டித் திருடியா நடிச்சா. குழம்புல உப்பு கம்மின்னு சொல்லவே கூச்சப்படற மனுஷன், மேடையில இடுப்பை ஆட்டி,

"பையிலே கையை வெச்சா பஞ்சு போல வெக்கணும்,
பார்த்தவன் கேட்டா சாமி பேரைச் சொல்லணும்!"

னு பாடினப்போ மண்டபமே குலுங்கிச்சு.

பதினாலு வருஷம் கழிச்சு, சட்டைக்குப் பட்டன் போட்டுக்கிட்டே சாஞ்சீங்க. பக்கவாதம். பேச்சு போயிடுச்சு. மூணாம் நாள் ஆஸ்பத்திரியில வாயைத் திறந்தீங்க. வந்தது அந்தப் பாட்டு.

"மூளையில பேசற இடம் அடிபட்டிருக்கும்மா, பாட்டு மட்டும் தப்பிச்சிருக்கு. அவர் நினைக்கிறது வேற, வாயில வர்றது இதுதான்"னாரு டாக்டர்.

தண்ணிக்கும் அதே பாட்டு, வலிக்கும் அதே பாட்டு. வார்டே சிரிச்சுது. முதல் தடவை நானும் சிரிச்சுட்டேங்க. நீங்க சட்டுனு நிறுத்திட்டு சுவர் பக்கம் திரும்பிக்கிட்டீங்க. அதை எப்படி மறப்பேன்?

கடைசி நாள் மத்தியானம் என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டுப் பாடினீங்க. கண்ணுல தண்ணி.

"தாகமா? வலிக்குதா? கவிதாவை வரச் சொல்லணுமா?"

எல்லாத்துக்கும் இல்லைன்னு தலையாட்டினீங்க. திரும்பவும் பாடினீங்க, எனக்குப் புரியட்டும்னு ஒவ்வொரு சொல்லா, மெதுவா. எனக்குத் தாங்கலை. "புரியுதுங்க"ன்னுட்டேன். பொய்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. கையை விட்டுட்டீங்க. சாயங்காலம் போயிட்டீங்க.

உங்களுக்குப் பேச்சு திரும்பினதும் சொல்லிக்கலாம்னு கவிதாகிட்ட அதுவரைக்கும் ஒண்ணும் சொல்லலை. சென்னையிலேர்ந்து அவ பஸ் பிடிச்சு வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. "அப்பா கடைசியா என்னம்மா சொன்னாரு?"ன்னு அழுதா. "உன்னைத்தான் கேட்டாரு"ன்னேன். அது ரெண்டாவது பொய்.

இப்போ அவளுக்கு ஏழு மாசம். தினம் போன்ல, "அப்பா என்னை என்னன்னு கேட்டாரு, இன்னொரு வாட்டி சொல்லும்மா"ங்கறா. நானும் தினம் ஒண்ணு கட்டிச் சொல்றேன். வேற என்னங்க செய்வேன்? அன்னிக்கு நீங்க என்னதான் கேட்டீங்க?

ஞாயித்துக்கிழமை பிரசவத்துக்கு வர்றா. உட்காரவெச்சு உள்ளதைச் சொல்லிடறேன். சிரிக்காம, நீங்க பாடின மாதிரியே மெதுவா, பாடியும் காட்டறேன். உங்க ரத்தமாச்சே, அவளுக்காவது புரியுதான்னு பார்க்கறேன்.

இப்படிக்கு,
உங்களைப் புரிஞ்சுக்காத பொண்டாட்டி,
கமலா