பதினான்காம் பிரிவுக்கு நான் தலையாட்டியது

மார்ச் 3, செவ்வாய்

தெருக்காரர்கள் பதினோரு பேர் இன்று காலை என் முன்னறையில் கூடி என்னைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். நாற்காலி ஆறுதான். மீதிப் பேர் நின்றார்கள். வாசலில் கால்மிதி கிடப்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

விமான நிலையத்தின் பழைய முனையத்தை இடித்துவிட்டுப் புதியது கட்டப்போகிறார்கள். தாராளமாகக் கட்டட்டும். மழைக்காலத்தில் பயணிகள் உள்ளே குடை பிடித்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன். கட்டுமான லாரிகள் எந்த வழியாகப் போகும் என்பதுதான் எங்கள் கவலை. எங்கள் தெருக்கோடியில் விமான நிலையத்துப் பழைய கிழக்குக் கேட் துருப்பிடித்து மூடிக் கிடக்கிறது. அதைத் திறந்து நான்கு வருடம் லாரி விடும் யோசனையாம்.

விட்டால் மூன்றாம் வீட்டுத் தையல்காரர் என்ன ஆவார்? அவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழு பத்துக்கு ஆம்புலன்ஸ். ஒரு நாள் தவறினால் மூச்சு முட்டும். அவர் இஞ்சு டேப்பாலேயே தெருவை அளந்துகொண்டு வந்திருந்தார். பதினோரு அடி நான்கு அங்குலம். “நல்லா இழுத்துப் பிடிச்சு அளந்தேன் பெரியம்மா. தையலுக்குக்கூடத் துணி விடல.” லாரி ஒன்று நின்றால் ஆம்புலன்ஸ் நுழையாது.

தலைமைப் பதவிக்குக் கண்டக்டரும் ஆசைப்பட்டார். பஸ்ஸை விட்டு ஓய்வுபெற்று ஒன்பது வருடம் ஆகிறது. இன்னும் கடைசி சீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். ஆனால் தையல்காரர் என்னைச் சொன்னதும் எல்லாரும் கை தூக்கிவிட்டார்கள். காரணத்தை நான் கேட்கவில்லை. படித்தவள், கடிதம் எழுதத் தெரிந்தவள், யாருக்கும் அஞ்சாதவள். வேறென்ன இருக்கப்போகிறது?

மார்ச் 6, வெள்ளி

மருமகள் காபியோடு வந்து, “அத்தை, அந்த டப்பாவைத் திறக்கலாமா?” என்றாள். மகன் வாங்கி அனுப்பிய காதுக் கருவி. இரண்டு வருடமாகத் தையல் பெட்டியில் நூல்கண்டுகளுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. என் காதுக்கு ஒரு குறையும் இல்லை. இந்தக் காலத்து ஆட்களுக்கு உச்சரிப்பு இல்லை. எங்கள் கான்வென்டில் ஒரு வார்த்தையின் கடைசி எழுத்தை விழுங்கினால் முழங்காலில் நிற்க வேண்டும்.

அவளுக்கு இதையெல்லாம் சொன்னேன். ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனாள். இவளும் கடைசி எழுத்தை விழுங்குகிறவள்தான்.

மார்ச் 10, செவ்வாய்

முதல் பேச்சுவார்த்தை, என் முன்னறையில். திட்ட மேலாளரும் உதவியாளப் பெண் ஒருத்தியும் வந்தார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அவர் தொண்டையைக் கனைக்கிறார். கனைப்பு கணீரென்று இருக்கிறது. வாக்கியம்தான் மீசைக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இருபத்திரண்டு பிரிவுகள் வாசித்தார். நடுவில் விமானம் போனது. எங்கள் தெரு வழக்கப்படி எல்லாரும் வாயை மூடிக்கொண்டு தலையை மேலும் கீழும் ஆட்டினோம். “பொறு, போகட்டும், அப்புறம் பேசலாம்” என்று அர்த்தம். இங்கே பேசத் தொடங்கும் பிள்ளை, தலையாட்டவும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. என் வீட்டுக்காரர் இருந்தபோது எங்கள் சண்டைகள்கூட அப்படித்தான். பாதியில் நிறுத்தி, இருவரும் தலையாட்டி, விமானம் போனதும் விட்ட இடத்தில் தொடங்குவோம். ஒரு முறை விமானம் போன பிறகும் அவர் ஏதோ கேட்க, நான் சும்மா தலையாட்டிவைக்க, மறுநாள் வீட்டுக்கு இரண்டு வாத்துகள் வந்து சேர்ந்தன.

கூட்டம் மரியாதையாக முடிந்தது. மேலாளர் எழுந்து கை குலுக்கினார். நான் எதிர்பார்த்ததைவிடச் சந்தோஷமாகவே போனார்.

மார்ச் 17, செவ்வாய்

ஏன் சந்தோஷமாகப் போனார் என்று இன்று தெரிந்தது. கூட்டக் குறிப்பு தபாலில் வந்தது.

“பிரிவு 14: கிழக்குக் கேட் வழியாகக் கட்டுமான வாகனங்கள் இரவும் பகலும் செல்லும். குடியிருப்போர் தலைவி தலையசைத்து ஒப்புதல் அளித்தார்.”

நானா? ஒப்புதலா? மூன்று தடவை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு நான்காம் தடவையும். மறுப்பு இருந்தால் பதினான்கு நாளுக்குள் சொல்ல வேண்டுமாம்.

சிவப்புப் பேனாவால் குறிப்பைத் திருத்தினேன். ஒன்பது எழுத்துப்பிழை, ஒரு பொய்.

மார்ச் 18, புதன்

தையல்காரர் ஆம்புலன்ஸில் ஏறும்போது என்னைப் பார்த்துக் கையசைத்தார். இன்னும் விஷயம் தெரியாது போலிருக்கிறது. நான் கை காட்டவில்லை. திரைக்குப் பின்னால் போய்விட்டேன். எழுபத்தாறு வயதில் திரைக்குப் பின்னால் ஒளிகிறேன்!

மார்ச் 20, வெள்ளி

தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கண்டக்டருக்குத் தெரிந்தால் வேறென்ன ஆகும். ஆனால் மனிதர் என் பக்கம்தான். “மேடம், அது நம்ம பிளேன் தலையாட்டல்! அவனுக்கு எப்படிப் புரியும்? நான் வந்து சாட்சி சொல்றேன்!” என் எதிரே ஓரடியில் நின்றுதான் சொன்னார். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

அதேதான். விமானம் போனது, வழக்கப்படி தலையாட்டினோம், அவர் தப்பாக எடுத்துக்கொண்டார். ஒன்றரைப் பக்கத்தில் நயமாகக் கடிதம் எழுதி அனுப்பினேன். படித்துப் பார்த்தால் எனக்கே திருப்தியாக இருக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

மேலாளர் என்னைத் தன் அலுவலகத்துக்கு அழைத்திருந்தார். மருமகள் துணைக்கு வந்தாள்.

இரண்டாம் மாடி. பெரிய ஜன்னல். கீழே ஊழியர்கள் கார் நிறுத்தும் இடம், கால்வாசிகூட நிரம்பவில்லை. அதற்கு மேற்கே ஒரு கேட். எங்கள் தெரு மாதிரி இரண்டை அருகருகே உள்ளே வைக்கலாம், அத்தனை அகலம். “லாரி இந்த வழியாகப் போகக்கூடாதா?” என்றேன். அவர் கனைத்தார். ஏதோ சொன்னார். மருமகள் என் காதருகே வந்து, “தூசி வருமாம் அத்தை. இவங்க ஜன்னலுக்கு நேர் கீழேயாம்,” என்றாள்.

பிறகு அந்த உதவியாளப் பெண் அன்றைய ஒலிப்பதிவைப் போட்டாள். மருமகள் கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்னாள். கனைப்பு. பதினான்காம் பிரிவு. விமானம். எல்லாரும் அமைதி. சரி, நான் எழுதியபடியே இருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆனால் பதிவு அங்கே முடியவில்லை. விமானம் போன பிறகு அவர் பதினான்காம் பிரிவை மறுபடியும் முதலிலிருந்து வாசித்திருக்கிறார். “சம்மதமா அம்மா?” என்றும் கேட்டிருக்கிறார். தையல்காரர் அப்போது களைத்து நாற்காலியில் தூங்கிவிட்டிருந்தார். கண்டக்டர் சமையலறையில் தண்ணீர் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார், அதுவும் பதிவில் இருக்கிறது. மற்றவர்கள் தலைவி பேசட்டும் என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

“அப்பவும் நீங்க தலையாட்டினீங்கம்மா,” என்றாள் அந்தப் பெண். அவள் குரல் நன்றாகவே கேட்டது. பாவம், என்னைவிட அவளுக்குத்தான் சங்கடமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விமான நிலைய இயக்குநர் முன்னால் கடைசி விசாரணை.

வீட்டுக்கு வரும் வழியில் மருமகள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினாளோ என்னவோ.

மார்ச் 25, புதன்

கேட்கவில்லை. எனக்கு அன்றைக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

மார்ச் 26, வியாழன்

நேற்று ஒரு வரியோடு நோட்டை மூடிவிட்டேன். இன்று முழுதாக எழுதுகிறேன்.

இருபத்திரண்டு பிரிவில் எனக்கு மூன்றோ நான்கோதான் காதில் விழுந்தது. மீதி எல்லாம் மீசை அசைந்தது, அவ்வளவே. “திருப்பிச் சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கலாம். பதினோரு பேர் முன்னால் எப்படிக் கேட்பேன்? தலையாட்டினேன். ஏழெட்டு வருடமாக எல்லாருக்கும் இப்படித்தான் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். டாக்டருக்கு, மகனுக்கு, தொலைபேசிக்கும்கூட. தொலைபேசிக்குத் தலையாட்டுகிறவள் ஊருக்காகப் பேரம் பேசப் போனாளாம்!

நாளை சொல்ல வேண்டும். சொன்னால் தெருவே சிரிக்கும். சொல்லாவிட்டால் ஏழு பத்து ஆம்புலன்ஸ் தெருமுனையில் நிற்கும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

மார்ச் 27, வெள்ளி

மாலை நான்கு மணி. இயக்குநர் ஒரு பெண்மணி; ஐம்பது வயது இருக்கும், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அது பிடித்தது. தையல்காரர் காலையில் டயாலிசிஸ் முடித்துவிட்டு, கையில் பிளாஸ்திரியோடு வந்திருந்தார். கண்டக்டர் சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தார்.

மேலாளர் பதிவைப் போட்டார். இயக்குநர் என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியவில்லை.

“நான் தலையாட்டியது உண்மை. அது சம்மதம் இல்லை. எனக்குக் காது கேட்காது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுத் தலையாட்டினேன். தப்பு என்னுடையது, தெருக்காரர்களுடையது இல்லை.”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை! அதுதான் எனக்கு முதலில் கோபத்தைக் கிளப்பியது. தையல்காரரிடம் திரும்பி, “உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?” என்றேன்.

“தெரியாம என்ன பெரியம்மா. அதனாலதானே உங்களைத் தலைவியாப் போட்டோம். அவங்க எவ்வளவு தேனொழுகப் பேசினாலும் உங்க மனசு மாறாதில்ல?”

“காதுக்குள்ள போனாத்தானே மேடம் மாறும்!” என்றார் கண்டக்டர்.

இயக்குநர் மேஜையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது முகம் சரியாகிவிட்டது. என்னைப் பார்த்து, நிதானமாக, ஒரு எழுத்தையும் விழுங்காமல் சொன்னார்: “காதில் விழாததைக் கலந்து பேசியதாக எழுத முடியாது. அந்தக் குறிப்பு செல்லாது. எத்தனை வருடமா இந்தத் தெருவில் இருக்கீங்க?”

“நாற்பத்தொன்று.”

“மற்றவங்க காது எப்படி?”

மூன்று பேர் தலையாட்டினார்கள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

தெருவுக்கே காதுப் பரிசோதனை. விமான நிலையச் செலவில் டாக்டர்கள் வந்தார்கள். முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேருக்குக் குறை. இத்தனை நாள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்பதாக நினைத்து, வெறுமனே தலையாட்டி வாழ்ந்திருக்கிறோம்.

கண்டக்டருக்குக் காது பழுதில்லாமல் இருக்கிறதாம். கத்துவது சுபாவம்தான் என்று இன்று சான்றிதழோடு நிரூபணமாகிவிட்டது.

ஏப்ரல் 9, வியாழன்

தையல்காரர் மேற்குக் கேட்டை அளந்துவிட்டார். காவலாளி தடுத்தாராம், இவர் அவருடைய சட்டை தோளில் தூக்கி நிற்பதைச் சொல்லி, அதைச் சரிசெய்து தருவதாக ஒப்புக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். முப்பத்திரண்டு அடி. “நல்லா தாராளமா இருக்கு பெரியம்மா. சுருக்கம்கூட வைக்கலாம்.”

ஏப்ரல் 21, செவ்வாய்

இரண்டாம் பேச்சுவார்த்தை. ஒவ்வொரு பிரிவையும் எழுத்தில் வாங்கி, படித்து, எல்லாருக்கும் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். சொல்லும் வேலை கண்டக்டருக்கு. மனிதர் பிறவிப் பயன் அடைந்துவிட்டார். மேலாளர் கனைத்தபோதெல்லாம், “சார், சொல்லுங்க, எழுதிக்கிறோம்,” என்றேன்.

முடிவு: கிழக்குக் கேட் திறக்கப்படாது. லாரிகள் மேற்கு வழியாக, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. தெருவின் எல்லா வீட்டுக்கும் படுக்கையறையில் இரட்டைக் கண்ணாடி ஜன்னல். தேவைப்படுகிறவர்களுக்குக் காதுக் கருவி.

“எனக்கு வேண்டாம், என்னிடம் ஒன்று இருக்கிறது,” என்று பெருமையாகச் சொன்னேன். மருமகள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

கையெழுத்து போட்டேன். இன்று முழுக்க ஒரு தரம்கூடத் தலையாட்டவில்லை. கழுத்து வலிக்கிறது.

மே 4, திங்கள்

நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்தேன். மருமகள் மாட்டிவிட்டாள். கடிகாரம் இத்தனை அவசரமாக அடித்துக்கொள்ளும் என்று நினைக்கவில்லை.

அரை மணி நேரம் கழித்து விமானம் வந்தது. நான் மேஜைக்கு அடியில் போய்விட்டேன். சத்தியமாக. இதையா நாற்பத்தொரு வருடமாக வெறும் தலையாட்டலில் சமாளித்தோம்?

சமையலறையில் மருமகள் முணுமுணுத்தது இப்போது தெளிவாகக் கேட்கிறது. என்னைத் திட்டுகிறாள் என்றே ஆறு வருடமாக நினைத்திருந்தேன். பாடுகிறாள்! சுருதி எங்கேயும் ஒட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சொல்லிவிடலாமா என்று யோசித்து, கருவியின் ஒலியை ஒரு புள்ளி குறைத்துக்கொண்டேன்.

ஜூன் 1, திங்கள்

லாரிகள் ஓடத் தொடங்கி ஒரு வாரம். மேலாளர் போன் செய்தார். கனைப்பு. அதற்கடுத்து வந்த வாக்கியமும் கேட்டது. ஜன்னல் அளவு விஷயமாக ஒரு சந்தேகம். பதில் சொன்னேன்.

“கேக்கலைம்மா, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. கீழே லாரி போகுது.”

மறுபடி சொன்னேன். அந்தப் பக்கம் அமைதி. எனக்குப் பழக்கமான அமைதி.

“சார்,” என்றேன், “தலையாட்டுகிறீர்களா?”

கனைத்துவிட்டு, “ஆமாம்மா,” என்றார்.

கடிதமாக எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

இன்று காலை ஆம்புலன்ஸ் ஏழு மணி எட்டு நிமிடத்துக்கே வந்துவிட்டது. தையல்காரர் ஏறும்போது ஏதோ சொல்லிக் கையசைத்தார். விமானம் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல பெரியம்மா. போயிட்டு வரேன்னேன்.”