முப்பது கிலோமீட்டரில் நின்றுபோன கதை

மூவாயிரம் கோழிகளின் சத்தத்துக்கு நடுவிலும் என் குரலைப் பிரித்துக் கேட்டுவிடும் மாமாவுக்கு,

இந்தக் கடிதம் பத்து மாதம் தாமதம். நீங்கள் எங்களை விட்டுப் போன அந்த வாரமே நான் எழுதியிருக்க வேண்டும். கதையைப் பாதியில் விட்டவள் நான்தானே?

உங்கள் பேரன் இனியன் மதியத் தூக்கத்தில் இருக்கிறான். அவன் எழுவதற்குள் எழுதி முடிக்கப் பார்க்கிறேன். மனசு வேறு ஒரு விஷயத்தில் அடித்துக்கொண்டிருக்கிறது. அதை உங்களிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் முறைப்படி முதலில் இருந்தே வருகிறேன்.

கல்யாணமான புதிதில் சிவப்புப் புடவையோடு நான் ஷெட்டுக்குள் நுழைந்தது நினைவிருக்கிறதா? பழகாத நிறத்தைக் கண்டு ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை அத்தனை கோழியும் கூண்டில் முட்டிக்கொண்டு பறந்தன. மறுநாள் பாதி முட்டை ஓடில்லாத தோல் முட்டை. நீங்கள் திட்டவில்லை. கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, என்றைக்கும் போடுகிற அதே நீலச் சட்டையோடு உள்ளே போனீர்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாலு வருஷம் நமக்குள் "சாப்டீங்களா மாமா", "ஆச்சு அம்மணி" தவிர வேறு பேச்சே இல்லை.

ஒரு சாயங்காலம் முட்டைகளை அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தோம். மௌனம் தாங்காமல் நான்தான் ஆரம்பித்தேன். நான் காலேஜில் பிசிக்ஸ் படித்தபோது ஒரு விண்கலம் ஒரு வால்நட்சத்திரத்தைத் தேடிப் பத்து வருஷம் போய்க்கொண்டிருந்தது என்று சொன்னேன். கையில் முட்டையோடு நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"போய்ச் சேந்துச்சா?" என்றீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்களே கையைக் காட்டித் தடுத்தீர்கள். "வேண்டாம், சொல்லிப்போடாத. நாளைக்குக் கொஞ்சம் சொல்லு."

அப்படித்தான் தினமும் சாயங்காலம் ஒரு துண்டு என்று ஆனது. எப்போதோ நடந்து முடிந்த சங்கதியை இன்றைய செய்தி மாதிரி கேட்பீர்கள். "இன்னிக்கு எவ்வளவு கிட்டக்கப் போயிருக்குது?" என்பீர்கள். வால்நட்சத்திரத்தைக் கிட்டத்தில் படம் எடுத்தால் இரண்டு கட்டி ஒட்டிக்கொண்டு வாத்து மாதிரி தெரிந்தது என்று சொன்ன அன்று உங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பத்து வருசம் வண்டி ஓட்டிப் போயி வாத்தா? நாமக்கல்லுல கேட்டிருந்தா நல்ல கோழியாக் காட்டியிருப்பமே." அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இனியன் விஷயத்தில் நீங்கள் ஒரு தவறு செய்தீர்கள் மாமா. சொல்லிவிடுகிறேன். பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, யார் தொட்டாலும் அலறுகிறான், சேலத்தில் டாக்டரிடம் காட்டலாம் என்று நான் சொன்னபோதெல்லாம், "அவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசுனான்" என்று தள்ளிப் போட்டீர்கள். எட்டு மாதம் போயிற்று. டாக்டர் ஆட்டிசம் என்று சொன்ன அன்று நீங்கள் நேராகக் குலசாமி கோயிலுக்குப் போனீர்கள். அடுத்த வருஷத்துக்குள் பேரனுக்கு முடியெறக்கிக் காது குத்துவதாக வேண்டிக்கொண்டு வந்தீர்கள். அன்றிலிருந்து அவன் தலையில் யாரும் கத்தரி வைக்கவில்லை.

நான் செய்தது அதைவிடப் பெரிய தவறு. முடி வளர்ந்து கண்ணில் விழுந்தது. கசக்கிக் கசக்கிக் கண் சிவந்துவிட்டது. அஸ்தம்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, உங்களுக்குத் தெரியாமல் முன்முடியை மட்டும் வெட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று பக்கத்துச் சலூனுக்குக் கூட்டிப் போனேன். கடைக்காரரும் அவருடைய தம்பியும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தலையைப் பிடித்தது நான். இந்த இரண்டு கையால். அவன் கத்தவே இல்லை மாமா. கொஞ்ச நேரத்தில் உடம்பு விறைத்து, கண் எங்கேயோ போய்விட்டது.

அதற்குப் பிறகு பதினொரு நாள் அவன் என்னிடம் வரவில்லை. நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போவான். பெற்றவள் நான், சோற்றுக் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றேன்.

அவன் முன்முடியையும் ஒதுங்கிப் போவதையும் பார்த்தே உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனால் முடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பதினொரு நாளில் ஒரு சாயங்காலம் வழக்கம்போல, "வண்டி எங்க நிக்குது அம்மணி?" என்று கேட்டீர்கள். அழுதுகொண்டேதான் சொன்னேன். நேராகப் போய் ஒட்டிக்கொள்ள முடியாது மாமா, அந்தக் கட்டி எவ்வளவு இழுக்கும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் வேகத்தைக் குறைத்துக் குறைத்து மனுஷன் நடக்கிற அளவுக்குக் கொண்டுவந்து, நூறு கிலோமீட்டரில் நின்று முக்கோணம் முக்கோணமாகச் சுற்றினார்கள், அப்புறம்தான் ஐம்பதுக்கு வந்தார்கள் என்றேன். இங்கிருந்து ஒரு சொல் அனுப்பினால் அது போய்ச் சேரவே இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகும் என்றும் சொன்னேன்.

கையிலிருந்த முட்டையை அட்டையில் வைத்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "அப்ப நீயும் அம்பதுலயே நில்லு சாமி."

மறுநாளிலிருந்து நான் பின்வாசல்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதே இடம், அதே நைட்டி. அவனைப் பார்க்கவில்லை. நீங்கள் அவனை ஒரே ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பீர்கள். நான் இரண்டாம் தடவை கூப்பிடப் போனால், "இரு, போய்ச் சேரட்டும்" என்பீர்கள். பன்னிரண்டாம் நாள் அவன் வந்து ஒரு வெங்காயத் தோலை என் முழங்காலில் வைத்துவிட்டு ஓடினான்.

அதற்கு நாலு நாள் கழித்து, முட்டை லாரிக்கு லோடு ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அன்று காலையில்தான் கேட்டிருந்தீர்கள், "இன்னிக்கு முப்பதுக்குப் போயிருமா?" என்று. போய்விடும் மாமா என்று சொன்னேன். சாயங்காலம் சொல்வதற்கு நீங்கள் இல்லை.

இனி இப்போதைய செய்தி. இனியன் வாரத்தில் மூன்று நாள் சேலத்துக்குப் பயிற்சிக்குப் போகிறான். புதுச்சத்திரம் ஸ்டாப்பில் பஸ் ஏறும்போது என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்கிறான். இரண்டு சொல் வந்திருக்கிறது. ஒன்று 'தண்ணி'. இன்னொன்று 'போலாம்'. அதை அவன் சொல்லும்போது அப்படியே உங்கள் குரல். முடி தோள்வரை வந்துவிட்டது. ரப்பர் பேண்டு போட விடுகிறான், அதுவும் அவன் மனசு வைத்தால்.

போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் வந்திருந்தான், காது குத்துக்கு நாள் பார்க்க. தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும் இல்லையா? அத்தைதான் பேசினார்கள். "அவுங்க வேண்டிக்கிட்டது கண்ணு. வருசம் திரும்பறதுக்குள்ள முடிக்கோணும். நாலு பேரு புடிச்சுக்கிட்டா அஞ்சு நிமிசம்."

அந்த அஞ்சு நிமிஷம் என்னவென்று எனக்குத் தெரியும். அன்றுதான் சலூன் கதையை எல்லோரிடமும் சொன்னேன். உங்கள் மகனுக்கே அது அதுவரை தெரியாது.

"மாட்டேனுங்க அத்தை," என்றேன். "அவனாத் தலையைக் குடுக்கற அன்னிக்குத்தானுங்க."

"செத்தவுங்க குடுத்த வாக்கு," என்றார்கள் அத்தை. பிறகு மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. கோபத்தைவிடப் பயம்தான் அவர்களுக்கு. எனக்கும்தான். நீங்கள் சாமி முன்னால் நின்று கொடுத்த வாக்கை நான் தடுத்து நிறுத்துகிறேன். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? காய்ச்சல் வந்தால்கூட இனி அதனாலோ என்று தோன்றுமே? உங்களிடம் கேட்க நினைத்தது இதைத்தான். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

நேற்றுச் சாயங்காலம் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். அத்தை வந்து எதிரில் உட்கார்ந்து ஓர் அட்டையை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வரிசை முடிந்த பிறகு, என்னைப் பார்க்காமலே கேட்டார்கள்: "அவுங்களுக்கு என்னமோ வண்டிக் கதை சொல்லுவியே. அது போய் எறங்குச்சா இல்லையா?"

அடுப்படியில் இருந்துகொண்டே தினமும் கேட்டிருக்கிறார்கள், மாமா.

சொன்னேன். உங்களுக்குச் சொல்லாமல் விட்டதை எல்லாம் சொன்னேன். முப்பதுக்குப் போனது, பிறகு இருபது, பத்து. அப்புறம் வயிற்றிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை அந்தக் கட்டி மேல் இறக்கிவிட்டது. தொட்டதும் குத்திப் பிடித்துக்கொள்ள அந்தப் பெட்டிக்கு ஈட்டி மாதிரிக் கொக்கிகள் இருந்தன. அவை வேலை செய்யவில்லை. பெட்டி எம்பி எம்பிக் குதித்து, ஒரு பாறை நிழலில் போய்ச் சாய்ந்து நின்றது. இரண்டு மூன்று நாளில் பேட்டரி தீர்ந்து தூங்கிவிட்டது. பெரிய கலம் மட்டும் தள்ளி நின்றபடியே இரண்டு வருஷம் கூடவே போனது. அந்தக் கட்டி வெயிலில் கொதித்துப் புழுதி கக்கியபோது விலகி நின்றது. அடங்கியபோது கிட்டே வந்தது.

அத்தை கடைசி வரிசையை அடுக்கிவிட்டு எழுந்தார்கள். "கோயலுக்கு நான் போயிச் சொல்லிக்கறேன். அவுங்ககிட்டயும் சொல்லீரு," என்றார்கள்.

அதனால்தான் இன்றைக்கு இந்தக் கடிதம்.

கதையில் இன்னும் ஒரு துண்டு பாக்கி. அத்தையிடம்கூட அதைச் சொல்லவில்லை. கடைசியில் அந்தப் பெரிய கலமும் கீழே இறங்கியது மாமா. நடக்கிற வேகத்தில், அவசரமே இல்லாமல், போகிற வழியெல்லாம் படம் எடுத்து அனுப்பிக்கொண்டே. தொட்டவுடன் அதனிடமிருந்து வந்த சிக்னல் நின்றுவிட்டது. இப்போதும் அந்தக் கட்டியின் மேலேதான் இருக்கிறது, சேர்ந்தே சுற்றிக்கொண்டு. போய்ச் சேர்ந்துவிட்டது மாமா.

உங்கள் வாக்கை நான் மறக்கவில்லை. அவன் தானாகவே வந்து தாய்மாமன் மடியில் உட்காரும் நாளில் உங்கள் பெயரைச் சொல்லி முடியெறக்குவோம். அது ஐந்து வயதோ பதினைந்து வயதோ. தாமதத்துக்குச் சாமி கோபித்தால் அந்தக் கோபம் என்னோடு போகட்டும். அதுவரை அவனை யாரும் அமுக்கிப் பிடிக்க விடமாட்டேன். அந்த யாரும் என்பதில் முதல் ஆள் நான்தான்.

எழுந்துவிட்டான். உள்ளிருந்து பார்க்கிறான். ஒரு தடவைதான் கூப்பிட்டிருக்கிறேன்.

வாசலிலேயே காத்திருக்கும்,
உங்கள் மருமகள்,
இனியனின் அம்மா