ஒதிலியாவின் முகம்

மார்ச் 4, செவ்வாய்

கடலோரத்திலிருந்து ஏழு மணி நேரம் பஸ்ஸில் வந்த க்ரெசென்சியா, அச்சைப் பார்த்ததும் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"ஏம்மா ஆர்த்தெமியா, எங்க அக்காவக் கேட்டா கரிச்சட்டியக் காட்டுற?"

படம் எடுத்த மறுமாதமே அவள் அக்கா ஒதிலியா இறந்துபோனாள். இருப்பது இந்த ஒரு நெகட்டிவ்தான். அச்சில் கன்னத்து வெளிச்சம் சுண்ணாம்பாக வெளுத்திருக்கிறது, மற்றதெல்லாம் ஒரே கறுப்பு. கண் எங்கே?

வெள்ளிக்கிழமைக்குள் முகம் வராவிட்டால் நெகட்டிவைத் திருப்பி வாங்கிக்கொண்டு போவாளாம். வாஹாகா நகரில் பிளாட்டினம் உப்பில் போடும் புகைப்பட அச்சென்றால் என் பட்டறைதான் என்று பதினான்கு வருஷமாகச் சொல்லி விற்றவள் நான்.

மார்ச் 5

என் அச்சுக்காரன் நிக்கானோர், காகிதத்தில் தடவும் பூச்சில் கான்ட்ராஸ்ட் ஏற்றும் சொட்டுகளைப் பாதியாக்கினான். அதே கடுமை. பிறகு ஒரு சொட்டும் இல்லாமல் வெறும் பல்லேடியம் உப்பு, இருப்பதிலேயே மென்மையாக விழுவது. அதே கடுமை!

"உன் கைதான் சரியில்ல" என்றேன்.

"பதினோரு வருஷமா இந்தக் கைய வித்துத்தானே தின்னீங்க, டோன்யா ஆர்த்தெமியா?"

ஏப்ரனை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான். போகட்டும்.

மார்ச் 6

நானே பூசி, நானே புறஊதா விளக்கில் வைத்தேன். கரி.

சொட்டே போடாமல் கடுமை எங்கிருந்து வருகிறது? பூச்சில் இல்லை. நெகட்டிவ் நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் —

ஐயோ. நான்தான்.

அந்த டெவலப்பர் குப்பியை நாங்கள் கொட்டுவதே இல்லை. குறையக் குறைய ஊற்றி நிரப்புவோம். போன வாரம் நிக்கானோர் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தான். பனிமூட்டத்தில் எடுத்த மங்கலான கோயில் படங்களுக்காக கொஞ்சம் டெவலப்பரில், கான்ட்ராஸ்ட் ஏற்றும் ஆரஞ்சு நிற டைக்ரோமேட் கலந்தேன். மிச்சத்தை வீணாக்க மனசு வராமல் பெரிய குப்பியிலேயே ஊற்றிவிட்டேன். பழைய டெவலப்பரின் பழுப்பில் அந்த ஆரஞ்சு தெரியவில்லை. அவனாக இருந்தால் தனிக் குப்பியில் வைத்திருப்பான்.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். சொன்னேன்.

"எவ்வளவு ஊத்துனீங்க?"

"அளக்கல."

"சல்சா சட்னியா அது, கைக்கு வந்தபடி ஊத்த?" அவன் பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மார்ச் 7

காலையில் நிக்கானோர் ஏப்ரனை எடுத்து மாட்டிக்கொண்டான். புதிய டெவலப்பர். சொட்டில்லாத முதல் அச்சு சாம்பலாகச் சோர்ந்திருந்தது. இரண்டு சொட்டு சேர்த்தான். முகம் வந்தது, கண்ணோடு.

க்ரெசென்சியா அச்சை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு, "கோவமா இருந்தா இப்படித்தான் முறைப்பா, கழுத" என்று ஓரத்தை மட்டும் தொட்டாள். நெகட்டிவைக் கேட்கவே இல்லை.

மார்ச் 17

ரசாயன அலமாரிச் சாவி இப்போது நிக்கானோரிடம். எதை எடுக்கப் போனாலும் "எதுக்கு?" என்கிறான். சொல்லிவிட்டுத்தான் வாங்குகிறேன்.